வெள்ளிக்கிழமையில் நிற்காத நட்சத்திரம்

ஒரு வருஷம் கடிதாசி எழுதக் கூடாது, ஆள் விட்டுச் சேதி சொல்லக் கூடாது, தெருப் பக்கம் தலை காட்டக் கூடாது. அதற்குப் பிறகும் இரண்டு பேர் மனசும் அப்படியே இருந்தால் பார்க்கலாம். எங்கள் நைனா சின்னப்பன், அக்காவைக் கேட்டு வந்த தானியேலிடம் இந்த நிபந்தனையைச் சொன்னபோது நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா சவுரியம்மாள் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் எனக்குத்தான் வந்தது, வெங்காயத்தால்.

தானியேல் மிஷன் கோயில்காரர், புராட்டஸ்டண்ட். நாங்கள் ஆர்.சி. இரண்டு கோயிலிலும் ஒரே சிலுவைதான், ஆனாலும் 1930-ல் ஆம்பூரில் அந்த இரண்டு கோயிலுக்கும் நடுவே இருந்த தெரு பாலாற்றைவிட அகலம். அந்தத் தெருவைத் தாண்டிப் பெண் கொடுத்தவனோடு சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார மாட்டார்கள். நைனாவுக்குத் தானியேலைப் பிடிக்காமல் இல்லை. அவருக்குப் பயம், அதைக் கோபமாக மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

நல்ல சாக்கு ஒன்றும் கிடைத்தது. தானியேல் சத்தார் சாயபுவின் டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவர். பச்சைத் தோல் வாங்க சாயபு கல்கத்தாவில் ஒரு கிடங்கு எடுத்து, ஒரு வருஷத்துக்கு அவரை அங்கே அனுப்ப முடிவு செய்திருந்தார். போய்விட்டு வா என்றார் நைனா. அடுத்த ஆவணிக் கடைசி வாரத்தில் ஒரே ஒரு தடவை ஆம்பூர் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டுவேன், ஒரு சாயங்காலம் காத்திருப்பேன், பாசஞ்சர் வண்டி வந்து போகும் வரைக்கும்தான். எந்த நாள் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நீ இருந்தால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போ. நீ இல்லையென்றால் நான் பார்க்கிற மாப்பிள்ளை. நீ வந்து அவள் வரவில்லையென்றாலும் அதுவே பதில், எங்கள் வீட்டைத் தேடி வரக் கூடாது. தானியேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காதலிக்கிறவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள் என்று எனக்கு அந்தப் பதினாறு வயதிலேயே தெரியும்.

நாள் பேசி வைத்ததில்தான் எல்லாக் கோளாறும்.

தானியேலின் கண் ஆம்பூரில் பேர் போன கண். ஆவாரம்பட்டையில் ஊறிக் காய்ந்து வருகிற தோல் எல்லாமே மஞ்சள்தான், நமக்கு. அவருக்கு அதில் பத்துப் பதினைந்து மஞ்சள் உண்டு. பட்டை இடிக்கிற கொட்டகையில் அக்காவும் நானும் வேலை செய்தோம், அடுத்த கட்டடம் அவருடைய கிடங்கு. தோலைத் தனியாகத் தூக்கிப் பார்த்து அவர் தரம் சொல்லி நான் கண்டதில்லை. தரம் தெரிந்த இரண்டு தோல்களை விரித்து, நடுவில் புதியதைப் போடுவார். இதைவிடக் கம்மி, அதைவிட ஜாஸ்தி என்பார், முடிந்தது. தனியாகப் பார்த்தால் கண் தன் இஷ்டத்துக்குப் பொய் சொல்லும் என்பது அவருடைய கொள்கை.

அந்தக் கண்ணைக் கொண்டுபோய் அவர் வானத்தில் வைத்தார். வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை. மற்ற நாட்களில் கிடங்கில் விளக்கு ஏற்றியும் வேலை நடக்கும், வெள்ளிக்கிழமைதான் மாலை இருட்டும்போது அவர் வெளியே இருப்பார். திருவோணம் என்கிற பெரிய நட்சத்திரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு துணை நட்சத்திரங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்று பெரிய துணை, மற்றொன்று சின்னத் துணை. சின்னத் துணைக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி ஒன்று இருந்தது. அதற்கும் தென்மேற்கே மங்கலாக இன்னொன்று, அதை மங்கல் என்றே சொன்னோம். நடுவில் இருந்ததைத்தான் தானியேல் கண்டுபிடித்தார். அது ஒரே தரத்தில் நிற்பதில்லை என்றார். வெள்ளிக்கிழமை சின்னத் துணையையே மிஞ்சுகிறது, நடுவில் ஏதோ ஒரு நாள் கிடங்கிலிருந்து எட்டிப் பார்த்தால் மங்கலுக்குச் சமமாகக் கிடக்கிறது, மறு வெள்ளிக்கிழமை மறுபடி மிஞ்சுகிறது. ஆறு வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டேன், தப்பவில்லை என்றார்.

அது மஞ்சள் என்றும் சொன்னார், முதல் தரத் தோலின் மஞ்சள். அக்காவும் ஆமாம், மஞ்சள்தான் என்றாள். எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. அவர்கள் பேசும்போது காவலுக்கு உட்கார்ந்திருப்பவளுக்கு எதுவும் வெள்ளையாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்கத்தா கிளம்புவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பட்டைக் கொட்டகைக்குப் பின்னால், நானும் இருக்கும்போதே அவர் அக்காவிடம் சொன்னார்.

"தேதி, கிழமையெல்லாம் சாயபு வேலைக்கு. நமக்கு இதுதான் நாளு. அடுத்த ஆவணிக் கடைசி வாரத்துல இது என்னைக்கு நெறையுதோ, அன்னைக்கு நான் அந்த ஸ்டேஷன்ல இருப்பேன். வெள்ளிக்கிழமைதான, மறக்கவே மறக்காது."

அக்கா சரி என்றாள். நட்சத்திரம் நிறைகிற நாளும் வெள்ளிக்கிழமையும் ஒன்று என்று மூன்று பேரும் நம்பினோம். வெள்ளிக்கிழமை தோறும் விடுமுறை விடுகிற ஊரில் இருந்ததால்தான் எங்களுக்கு அந்தப் புத்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விடுகிற ஊராக இருந்திருந்தால் அது நிறைவதைத் தானியேல் பார்த்திருக்கவே மாட்டார்.

அவர் போன பத்தாம் நாள் நைனா எங்களை ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடியில் இருந்த தன்னுடைய பழைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆம்பூருக்கு மாட்டு வண்டியில் ஒரு முழுப் பகல். எங்களுக்கு அம்மா இல்லை. காலையில் ஆவாரம்பட்டை உரிக்கக் காட்டோரம் போவோம், மாலையில் கட்டுக் கட்டித் திரும்புவோம். இருட்டியதும் அக்கா மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நிற்பாள்.

வெள்ளிக்கிழமை மட்டும் பார்த்தால் போதும் என்றுதான் பேச்சு. அவளால் முடியவில்லை. தினமும் பார்த்தாள். கொட்டகைச் சுவரில் நாளுக்கு ஒரு கரிக்கோடு போட்டாள். நட்சத்திரம் பெரிதாக இருந்தால் உயரமான கோடு, கம்மியாக இருந்தால் குட்டை. தனியாகப் பார்த்து அவளும் போட மாட்டாள், சின்னத் துணைக்கும் மங்கலுக்கும் நடுவில் வைத்துத்தான் தரம் பிரிப்பாள். மழை நாளுக்கு இடம் விட்டுவிடுவாள். கோடுகள் இரண்டே நாளில் விறுவிறுவென்று ஏறும், இறங்க ஐந்து நாள் எடுத்துக்கொள்ளும். இறங்கும்போதும் நடுவில் ஒரு படி போல் ஒரு நாள் தயங்கி நின்றுதான் இறங்கும். எனக்கு அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். பக்கத்தில் படுத்திருக்கிற என் முகத்தை அவள் ஒரு நாளும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

ஐப்பசியில் முதல் தடவையாக உயரக் கோடு சனிக்கிழமையில் விழுந்தது. கண் ஏமாற்றியிருக்கும் என்றாள். அடுத்த வாரமும் சனி. மார்கழி பிறப்பதற்குள் ஞாயிறுக்கு வந்துவிட்டது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

"அவரு மனசு நவுர்றாப்பல இருக்குது, பூவு," என்றாள்.

கல்கத்தாக்காரன் மனசுக்கும் ஆகாசத்துக்கும் யார் கயிறு கட்டினது என்று கேட்டேன். அந்த மாதம் முழுக்க அவள் பட்டை உரித்த கையோடு அப்படியே நின்றுவிடுவாள், நான்தான் உலுக்க வேண்டும். பிறகு கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த நட்சத்திரமே மேற்கு மலைக்குப் பின்னால் அந்தி வெளிச்சத்தில் இறங்கிக் காணாமல் போயிற்று. தை முழுக்க இல்லை. சுவரில் வெறும் இடம். அந்த ஒன்றரை மாதம் என் அக்கா எப்படி இருந்தாள் என்று எழுத எனக்கு இப்போதும் மனசு வரவில்லை. ஏங்குவதற்குக்கூட ஒரு பிடி வேண்டும். அது போனால் ஆள் வெறுமனே இளைப்பாள்.

நான் பின்னாளில் வேலூரில் டீச்சர் படிப்பு முடித்து வாத்தியாரம்மாவாகி, கையில் கிடைத்த வான சாஸ்திரப் புத்தகத்தையெல்லாம் வாங்கிப் படித்தேன். கல்யாணம் செய்துகொள்ளாத பெண்ணுக்குப் படிக்க நேரம் உண்டு. ஒரு புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் நாளுக்கு நாள் கூடிக் குறைவதைக் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். விறுவிறு ஏற்றம், மெதுவான இறக்கம், நடுவில் ஒரு தயக்கம். அது எங்கள் மாட்டுக் கொட்டகைச் சுவர். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று அழுதேன். பிள்ளைகள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதன் கதையும் அந்தப் புத்தகங்களில் இருந்தது, ஒரே புத்தகத்தில் அல்ல, வருஷம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக. அது ஒரு மஞ்சள் ராட்சசன். சூரியனைப் போல் ஐந்தாறு மடங்கு கனத்தோடு பிறந்தது. நம் சூரியன் கஞ்சன், இருப்பதை வைத்து வைத்து ஆயிரம் கோடி வருஷம் எரிகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அதைக் காதில் போட்டுக்கொள்ளாத ரகம் இது. சூரியனைவிட மூவாயிரம் மடங்கு வெளிச்சத்தை வாரி இறைத்துவிட்டு ஏழெட்டுக் கோடி வருஷத்தில் ஓய்ந்துபோகும். பிறந்தபோது நீலம் கலந்த வெள்ளை. உள்ளே எரிவது தீர்ந்ததும் உடம்பு ஊதிச் சிவந்துவிடும். பிறகு உள்ளே வேறொன்று பற்றிக்கொள்ள, கொஞ்சம் சுருங்கி வெளுக்கும், மறுபடி சிவக்கும். இந்தப் போக்குவரத்தில் நடுவழியில் வருகிறதுதான் மஞ்சள். எந்தப் பெரிய நட்சத்திரமும் மஞ்சளில் குடியிருப்பதில்லை, கடந்து போகிறது. கடக்கும்போது அதனால் ஒரு நிலையில் நிற்க முடியாது. மேல்தோல் உள்சூட்டை அடைத்து வைத்துக்கொண்டு உப்பும், உப்பியதும் சூடு வெளியேறி அமுங்கும், அமுங்கியதும் மறுபடி அடைத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு நாள் அந்தத் தோலை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே ஒரு சின்னக் கங்கு மட்டும் மிஞ்சும். இதைவிடக் கனமானவை வெடித்தே போகும்.

நாங்கள் பார்த்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய ஆயிரம் வருஷம் ஆகியிருந்தது. அதன் ஒரு மூச்சுக்கு ஏழு நாளும் நாலு மணி நேரமும் ஆகும். அந்த நாலு மணி நேரத்தைத்தான் எங்களில் யாரும் எண்ணவில்லை.

மாசி பிறந்ததும் அது திரும்பி வந்தது, கிழக்கே, விடியலுக்கு முன்னால். அக்கா என்னை எழுப்பிக் காட்டினாள். நான் திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். பங்குனியில் உயரக் கோடு புதன்கிழமையில் இருந்தது. அவள் சுவரின் முன்னால் உட்கார்ந்து பழைய கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஆறு வாரத்துக்கு ஒரு நாள். எங்கே எண்ணினாலும் ஆறு வாரத்துக்கு ஒரு நாள்தான் தள்ளிப் போயிருந்தது.

"மறக்கிறவன் இவ்ளோ ஒழுங்கா மறக்க மாட்டான், பூவு," என்றாள். பல மாதம் கழித்து அன்றுதான் சிரித்தாள்.

ஆனியில் அது சுற்றி வந்து வெள்ளிக்கிழமையிலேயே நின்றது. அப்பாடா என்று நான் நினைத்தேன், இனி நகராமல் இருந்தால் சரி. நகர்ந்தது. ஆவணிக் கடைசி வாரத்தில் எந்த நாள் நிறையும் என்று அவள் அப்போதே கணக்குப் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையன்று அது இருப்பதிலேயே மங்கலாக இருக்கும்.

ஆவணிக் கடைசி வாரமும் வந்தது. வியாழக்கிழமை நைனா எருதுகளுக்கு லாடம் சரிபார்த்துவிட்டு நாளைக்குத்தானே என்று கேட்டார். அவர் காதிலும் வெள்ளிக்கிழமை என்றுதான் விழுந்திருந்தது. அக்கா இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு மிஷன்காரனைப் பார்க்கப் போக வேண்டுமா என்று நைனா கத்தினார். கத்தி முடித்துவிட்டு, சொன்ன சொல் சொன்னதுதான், ஒரு நாள் வண்டி, எந்த நாளோ உன் பாடு என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் விடவில்லை. வாயால் அவர் வெள்ளிக்கிழமை என்றுதான் சொன்னார் என்றேன். நட்சத்திரம் நிறையும் நாள் என்றும் சொன்னார் என்றாள். அவருக்கு இது நகர்வது தெரியாமல் இருந்தால் என்றேன். அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பத்து மஞ்சள பிரிக்கிற கண்ணு அது. பட்டை இடிக்கிற எனக்கே தெரிஞ்சது, அவருக்குத் தெரியாதா? நாளைக்குப் போய் நின்னா, அவரு பாக்கவே இல்லன்னு நானே சொல்ற மாதிரி."

அன்புக்குக் கண் இல்லை என்கிறார்கள். அவளுடைய அன்புக்குக் கண் ஜாஸ்தி, அதுதான் தொல்லை. ஒரு வருஷமாக அவளோடு கூடவே இன்னொருவரும் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பித்தான் அவள் உயிரோடு இருந்தாள். அந்த நம்பிக்கையைக் கொடுத்து வெள்ளிக்கிழமையை வாங்க அவளுக்கு மனசு இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை வந்தது. பாசஞ்சர் ஆம்பூரில் நிற்கிற நேரம் ஆறரை. அந்த நேரத்தில் அக்கா கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் மலையடிக்கு ரயில் சத்தம் எட்டாது, ஆனாலும் இரண்டு பேரும் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். மறுநாள் அமாவாசை, நல்ல இருட்டு. நட்சத்திரம் மங்கலோடு சமமாக, அணையப்போகிற திரி மாதிரி கிடந்தது. அவள் குட்டைக் கோடு போட்டாள். போட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள்.

"இந்நேரம் எறங்கி நின்னுட்டு இருப்பாரோ?"

இப்போது அழுது இன்னா ஆகும் என்றுதான் என் வாயில் வந்தது. எனக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. நல்லவேளையாக அன்று நான் அதை விழுங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோழி கூவும் முன்னே வண்டி கட்டினோம். நைனா வழி நெடுக வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டே வந்தார், தவறிய பூசைக்கு ஈடாக. அக்கா ஒரு துணிப்பை வைத்திருந்தாள். அதில் இரண்டு சேலை, ஒரு செபமாலை. திரும்பி வர வேண்டியிருந்தால் அந்தப் பையை எப்படித் தூக்கிக்கொண்டு வருவாள் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. ஆம்பூர் நெருங்கும்போது பட்டை நாற்றமும் சுண்ணாம்புக் குழி நாற்றமும் காற்றில் வந்தன. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அக்கா நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டாள்.

நைனா ஸ்டேஷனுக்கு வெளியே வண்டியிலேயே இருந்துகொண்டார். நாங்கள் இருவரும் பிளாட்பாரத்தில் வாசல் பக்கமாக நின்றோம். ஆறரை மணி வண்டி பத்து நிமிஷம் தாமதமாக வந்தது. தோல் வியாபாரிகள் இறங்கினார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி இறங்கினாள், போலீஸ்காரர் ஒருவர் இறங்கினார். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போனேன். தானியேல் இல்லை. கார்டு கொடியை ஆட்டினார், வண்டி நகர்ந்தது. அக்கா அசையவே இல்லை. கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் பார்த்தாள். அதற்குப் பிறகும் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

வெளியே இருந்து நைனா குரல் கொடுத்தார். வண்டி போய்விட்டதே, வாருங்கள் என்றார். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. நான் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளப் போனேன், அவள் விடவில்லை.

அப்போது வண்டி மறைத்துக்கொண்டிருந்த அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது. தண்டவாளத்துக்கு அப்பால், சரக்குக் கொட்டகை ஓரம், தோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, அதன் மேல் ஓர் ஆள். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை. அவர் எங்களைப் பார்க்கவில்லை, இருட்டத் தொடங்கிய வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் என்னத்தை இப்படிப் பார்க்கிறான் என்று எங்கள் பக்கத்தில் நின்ற போர்ட்டர் ஒருவர் சலித்துக்கொண்டார், வெள்ளிக்கிழமையிலிருந்து இதே வேலை, துரத்தினாலும் போக மாட்டேன் என்கிறான் என்றார்.

அக்கா தண்டவாளத்தில் இறங்கி நேராக நடந்தாள். போர்ட்டர் கத்தினார். நானும் பின்னால் ஓடினேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தானியேல் இளைத்துக் கறுத்திருந்தார். முதலில் அக்காதான் கேட்டாள்.

"எப்ப வந்தீங்க?"

"வெள்ளிக்கிழமை வண்டிக்கு வந்தேன். நீ வரல." அவர் தகரப் பெட்டியைக் காட்டினார். "சரி, அவ்ளோதான், அடுத்த வண்டிக்குத் திரும்பிடலாம்னு பெட்டி மேல உக்காந்தேன். மேல பார்த்தேன். அதுவும் வரல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் மீதியையும் சொன்னார். வெள்ளிக்கிழமை அது மங்கலுக்குச் சமமாகக் கிடந்ததாம். ஒரு வருஷமாகத் தான் வைத்திருந்த நாள் தப்பு என்று அப்போதுதான் தெரிந்ததாம். நிறையாத நாளில் அவள் எப்படி வருவாள், நிறைகிற நாளில்தானே வருவாள் என்று உட்கார்ந்துவிட்டாராம். சனிக்கிழமை கொஞ்சம் ஏறியிருந்தது. திங்கட்கிழமை காலையில் கல்கத்தாக் கப்பலில் வந்து இறங்குகிற சரக்கைப் பார்க்க அவர் மதராசில் இருக்க வேண்டும். சாயபு வேலையை விட்டு நீக்கினால் நீக்கட்டும் என்று இருந்துவிட்டார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். ஆனால் அவள் கேட்க விரும்பியது வேறு. அதைக் கேட்க வேண்டாம், வாங்குகிற வரைக்கும் லாபம் என்று நான் மனசுக்குள் அவளைக் கெஞ்சினேன். கேட்டாள்.

"வருஷம் பூரா பாக்கலியா நீங்க?"

தானியேல் பொய் சொல்லியிருக்கலாம். மேகம், மழை என்று எதையாவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். தரம் பிரிக்கிறவருக்குப் பொய் வரவில்லை.

"கல்கத்தாவுல ஒரே பொகை. வெள்ளிக்கிழமை மட்டும் மொட்டை மாடி ஏறுவேன். தீவாளி வரைக்கும் நல்லாருந்துச்சு. அப்பறம் கம்மியா தெரிஞ்சது, பொகைன்னு நெனச்சேன். நடுவுல ஒரு தபா நல்லா நெறஞ்சிருந்துச்சு, மனசு ஆறிச்சு. மத்த நாள்ல பாக்கணும்னு தோணல, சவுரி. நான் பார்த்திருக்கணும்."

அக்காவின் முகத்தில் ஒரு வருஷக் கோடுகள் அத்தனையும் ஓடின. அவளோடு தினமும் நின்ற ஆள் யாருமில்லை. கொட்டகையில் அவள் தனியாகத்தான் நின்றிருக்கிறாள்.

"நான் தெனமும் பார்த்தேன்," என்றாள்.

"தெரியுது," என்றார் அவர். "வெள்ளிக்கிழமையே தெரிஞ்சுது. நீ தெனமும் பார்த்ததாலதான் அன்னைக்கு வரல. அதுக்கப்பறம் நான் எப்பிடி எழுந்து போவேன்?"

அவள் துணிப்பையை அவரிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நைனா எங்களைத் தேடி உள்ளே வந்துவிட்டிருந்தார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்று, தாடியையும் பெட்டியையும் பார்த்தார். போர்ட்டர் அவரிடம் வெள்ளிக்கிழமையிலிருந்து நடந்ததையெல்லாம் கூடக் கொஞ்சம் சேர்த்தே சொன்னார். நைனா என்னைக் கூப்பிட்டார். அவனிடம் நேராகப் பேச இன்னும் அவருக்கு வீம்பு விடவில்லை.

"ரெண்டு நாளா எதாச்சும் சாப்பிட்டானான்னு கேளு," என்றார்.

சாப்பிட்டிருக்கவில்லை. வண்டியில் எங்களுக்குக் கட்டி வந்த கட்டுச்சோற்றைத் தானியேல் உட்கார்ந்து தின்றார், அக்கா தண்ணீர் ஊற்றினாள். முழுக்க இருட்டிவிட்டது. திருவோணம் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது, இரண்டு பக்கமும் துணைகள். தெற்கே அது நிறைந்து, சின்னத் துணையை நன்றாகவே மிஞ்சியிருந்தது. மஞ்சள், முதல் தரம் என்றார் தானியேல். ஆமாம் என்றாள் அக்கா.

அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவர்களுக்கு நாலு பிள்ளைகள், ஏகப்பட்ட சண்டைகள், இரண்டு கோயிலிலும் பாதிப் பாதி உறவு. எனக்காக யாரும் எந்த ஸ்டேஷனிலும் இரண்டு நாள் பட்டினி கிடக்கவில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆவணி பிறந்தால் மொட்டை மாடிக்குப் போகிறேன், அது நிறைகிற நாளைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், தப்புவதில்லை. எவ்வளவோ உற்றுப் பார்க்கிறேன். எனக்கு இன்னும் அது வெள்ளையாகத்தான் தெரிகிறது.